ஒன்றியத்தின் பெயரில் நான் எழுதிய கடிதம்

இதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் மேடையில் பேசியவள் இல்லை. தேர்தலில் நின்றதில்லை, மறியல் செய்து வேனில் ஏறியதும் இல்லை. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காக மதுரையில் ஒரு கட்சியின் மாவட்ட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். இருபத்தாறு வருடம் அங்கே இருந்தேன். பிறகு உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டேன். உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்தான் எழுதச் சொன்னாள். கட்சி அலுவலகங்களில் கணினி வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறீர்களாம். ஒன்றோடொன்று பேசாத கட்சிகளின் ஆட்கள்கூட அதில் இருக்கிறார்களாம். எழுத்துரு, போஸ்டர் மாதிரி எல்லாம் கைமாற்றிக்கொள்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லதுதான். அந்தக் குழுவுக்காகத்தான் இது. எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்களாக ஒன்றை நினைத்துக்கொண்டாலும் பெரிய தவறு வந்துவிடாது.

புதிதாக வந்தவர்களுக்கு முதலில் ஒன்று புரிய வேண்டும். கட்சி அலுவலகத்தில் பதவியில் இருப்பவர்களுக்குப் பெயர் கிடையாது. மாவட்டச் செயலாளர் 'மாவட்டம்', நகரச் செயலாளர் 'நகரம்', ஒன்றியச் செயலாளர் 'ஒன்றியம்'. "மாவட்டம் சாப்பிட்டாச்சா?", "நகரம் பல்லு பிடுங்கப் போயிருக்கு" என்றுதான் பேசிக்கொள்வோம். பதவி போன மறுநாள் அவருக்குப் பெயர் திரும்பி வந்துவிடும். ஒருவரைப் பெயர் சொல்லி யாராவது குறிப்பிட்டால், தலைமைக் கழக அறிக்கையைப் பார்க்காமலே நான் புரிந்துகொள்வேன்.

என் வேலை எழுதுவது. அழைப்பிதழ், தீர்மானம், இரங்கல், நீக்க அறிவிப்பு எல்லாம் எழுதினேன். ஆனால் மாவட்டம் முழுக்க என்னைத் தெரிந்தது வருத்தக் கடிதத்துக்காகத்தான். கட்சிக் கட்டுப்பாட்டை மீறினார் என்று ஒருவர் மேல் நடவடிக்கை வரும். அவர் தலைமைக்கு வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் கொடுப்பார். அதை ஏற்று நடவடிக்கையைக் கைவிடுவார்கள். நீக்கத்தையும் நான்தான் எழுதுவேன், வருத்தத்தையும் நான்தான் எழுதுவேன். ஒரே ஆளுக்கு இரண்டையும் ஒரே மத்தியானத்தில் எழுதிய நாளும் உண்டு. வாசலில் நின்று வெற்றிலை மென்றுகொண்டே, "தாயி, கொஞ்சம் கண்ணீர் தூக்கலாப் போடு, போன தடவ சப்புன்னு இருந்துச்சு" என்று கேட்பார்கள்.

அந்தக் கடிதத்துக்கு ஒரு பக்குவம் உண்டு. எழுதுகிறவர் குனிய வேண்டும், ஆனால் முட்டி தரையில் படக் கூடாது. அதற்கு நான் ஒரு வாசகம் வைத்திருந்தேன். 'சிலர் அளித்த தவறான தகவல்களின் அடிப்படையில்' என்பது அது. தப்பு இவர் செய்ததுதான், ஆனால் யாரோ இவருக்குத் தப்பாகச் சொல்லிவிட்டார்கள். அந்த யாரோ யார் என்று தலைமை கேட்காது. கேட்கவும் விரும்பாது. நூறு கடிதத்திலாவது அதை எழுதியிருப்பேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கூட்டணி அறிக்கைகளும் என் கையில்தான் வந்தன. ஒரு தேர்தலில் 'துரோகத்தின் மறுபெயர்' என்று தட்டச்சு செய்த கட்சிக்கு, அடுத்த தேர்தலில் 'காலத்தின் கட்டாயம்' என்று வரவேற்பு தட்டச்சு செய்தேன். பழைய கோப்பைத் திறந்து சில சொற்களை மாற்றினால் போதும். முதல் முறை விரல் கூசியது. மூன்றாவது முறை எழுத்துப் பிழை மட்டும்தான் பார்த்தேன்.

இனி ஒன்றியத்தைப் பற்றி. அவர் பெயரை எழுத எனக்கு உரிமை இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு கொடியேற்று விழாவுக்கு அழைப்பிதழ் எழுதக் கொடுத்தார்கள். பெயர்கள் இருந்தன, எந்த வரிசை என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு மாதிரி அகர வரிசையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அச்சாகி வந்த பிறகுதான் வினை. வகரத்தில் பெயர் தொடங்கும் மூத்தவர் ஒருவர் கடைசிக்குப் போய்விட்டார். நேற்று வந்த ஒரு இளைஞரணிக்காரர் உச்சியில் இருந்தார். மூத்தவர் பத்துப் பேரோடு மாடிப்படி ஏறி வந்து, "எவ அவ?" என்றார். நான் பீரோவுக்குப் பின்னால் நின்றேன்.

அப்போது ஒன்றியம் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். "நான்தாண்ணே அப்பிடிப் போடச் சொன்னேன். அகர வரிசைன்னா யாருக்கும் கோவம் வராதுன்னு நெனச்சேன். ஒங்களுக்கு வந்துருச்சு" என்றார். மூத்தவர் அவரை ஒரு மணி நேரம் திட்டினார். இவர் கடலையைத் தொலிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

அவர்கள் போன பிறகு என்னிடம், "தங்கச்சி, இனிமே எதையும் அனுப்புறதுக்கு முந்தி எனக்கு ஒரு தடவ வாசிச்சுக் காட்டு. காதுல கேட்டாத்தான் எங்க இடிக்கும்னு தெரியும்" என்றார். அன்றிலிருந்து அது பழக்கமானது.

அவர் ஊர் அழகர்கோவில் சாலையிலிருந்து உள்ளே போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓடிவர முடியாது. அதனால் எங்கள் அலுவலகத்தில் எல்லா ஒன்றியங்களும் செய்தது போல அவரும் தன் பெயர் அச்சிட்ட தாள்கள் சிலவற்றில் அடியில் கையெழுத்துப் போட்டு, மேலே வெற்றாக விட்டு, என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். தீர்மான நகல், நன்றிக் கடிதம் எதுவானாலும் நான் எழுதிவிடுவேன். மற்றவர்கள் எதுவும் கேட்பதில்லை. இவர் மட்டும் ஒன்று சொல்லியிருந்தார். எழுதியதைப் போனில் வாசித்துக் காட்டிய பிறகுதான் தாள் வெளியே போக வேண்டும். அவர் வரப்பில் நின்றாலும் சாவு வீட்டில் நின்றாலும் கேட்பார். "ம், அனுப்பு" என்பார். இல்லாவிட்டால், "அந்த 'வன்மையாக'வ எடுத்துரு, நமக்கு அம்புட்டு வன்மையெல்லாம் இல்ல" என்பார்.

இருபது வருடத்துக்கு மேல் ஒரு தாள்கூட அப்படி வாசிக்காமல் போனதில்லை. ஒன்றே ஒன்று போனது.

அவர் ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு. ஒன்றியம் மேலத்தெருக்காரர். கீழத்தெரு மயானத்துக்குப் போகும் பாதை ஒரு மாந்தோப்பின் ஓரமாகப் போகும். தோப்புக்காரர் அந்தப் பகுதியில் வேறு ஒரு கட்சியின் பெரிய ஆள். ஒரு நாள் அது தன் பட்டா நிலம் என்று சொல்லி முள்கம்பி வேலி போட்டுப் பாதையை அடைத்துவிட்டார். அந்த மழைக்காலத்தில் கீழத்தெருவில் பேச்சியம்மாள் என்ற பெண்ணின் மாமனார் இறந்தார். கண்மாய்க்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் பாடையைத் தூக்கிப் போனார்கள். நடுவில் ஒருவர் கால் வழுக்கிப் பாடை சரிந்தது. சரிந்த பக்கம் தோள் கொடுத்தவர் ஒன்றியம்.

அதற்குப் பிறகு மேலத்தெருவில் அவர் வீட்டு விசேஷத்துக்கு யாரும் வருவதில்லை. மகள் கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்களைவிடக் கட்சிக்காரர்கள்தான் அதிகம். "பந்தி சீக்கிரம் முடிஞ்சுருச்சு, நல்லதுதான்" என்று சிரித்தார். பேச்சியம்மாளையும் சேர்த்துக் கீழத்தெருக்காரர்கள் ஆறு பேர் பாதை கேட்டுக் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்தார்கள். அங்கே எப்போதும் பாதையே இருந்ததில்லை என்பது தோப்புக்காரரின் வாதம். இருந்தது, நான் சின்ன வயதில் நடந்திருக்கிறேன் என்று மேலத்தெருவிலிருந்து வாக்குமூலம் சொல்ல ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

தேர்தல் வந்தது. தோப்புக்காரரின் கட்சி எங்கள் கூட்டணிக்குள் வந்தது. அந்தத் தொகுதி அவர்களுக்குப் போனது. வேட்பாளர், தோப்புக்காரர்.

எங்கள் கட்சி உறுப்பினர் படிவத்தில் முதல் வரியே, பிறப்பால் யாரையும் தாழ்த்த மாட்டேன் என்ற உறுதிமொழிதான். அந்தப் படிவங்களை அச்சகத்திலிருந்து கட்டுக் கட்டாக வாங்கி அடுக்கியவள் நான். வேட்பாளர் பெயர் வந்த அன்று அந்தக் கட்டுகளின் மேல்தான் கூட்டணிக் கொடிகளை இறக்கி வைத்தார்கள். வேறு இடம் இல்லை.

செயற்குழு கூடியது. நான் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன். வேட்பாளரின் வெற்றிக்குப் பாடுபடுவது என்று மாவட்டம் தீர்மானத்தை வாசித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். ஒன்றியம் எழுந்தார்.

"எந்தத் தொகுதிக்கு வேணும்னாலும் வாரேன். இவருக்கு மட்டும் ஓட்டுக் கேட்டு வர மாட்டேன்."

நகரம் சிரித்தார். "என்னண்ணே, ஓட்டு மிஷினு கொள்கையவா கேக்குது? அமுக்குனா பீப்புங்குது. அம்புட்டுதான்."

"மாப்ள, அந்த வேலிய அவுக்கச் சொல்லு. அவுத்த அன்னைக்கு ஒனக்கு முந்தி நான் நோட்டீஸத் தூக்கிட்டு நிப்பேன்."

"வேலி சோலியெல்லாம் தேர்தல் முடிஞ்சு பேசிக்கிருவோம்ணே" என்றார் மாவட்டம். "இது ஒண்ணும் கொள்கைக் கூட்டணி இல்ல. தொகுதி உடன்பாடு. தலைமையே சொல்லிருச்சு."

"போன தடவ இவுகளோட சேராம இருந்தோமே, அதுக்குப் பேரு கொள்கைன்னீக."

"அது அப்ப."

யாரோ இருமினார்கள். ஒன்றியம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். குறிப்பில் அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல், 'விவாதத்திற்குப் பின் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதினேன்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு மாவட்டம் என் மேசைக்கு முன் வந்து நின்றார். நகரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் என் மேசைக்கு வருவது அபூர்வம். கூப்பிடுவார், நான் போவேன்.

"மேரி, தலைமையில இருந்து பேசிட்டாக. ஆறு மணிக்குள்ள ஒன்றியத்துக்கிட்ட இருந்து வருத்தக் கடிதம் வரணும். வரலன்னா அடிப்படை உறுப்பினர்ல இருந்தே தூக்கிருவாக. அவரு கையெழுத்துப் போட்ட தாளு ஒங்கிட்ட இருக்குல்ல?"

"இருக்குண்ணே. அண்ணனுக்குப் போன் போட்டு..."

"போட்டா என்ன சொல்லுவாரு?"

எனக்கும் தெரியும்.

"அவரு நல்லதுக்குத்தான சொல்றேன். பதவி இல்லாம அந்த மேலத்தெருவுல அவரால ஒரு நாள் இருக்க முடியுமா? இன்ஸ்பெக்டர் அவருக்குச் சேர் போடுறாருன்னா அவரு மூஞ்சிக்கா போடுறாரு? யோசிச்சுக்க. எழுதுனா எழுது, எழுதாட்டி நீக்க அறிக்கைய எழுது. ரெண்டுல ஒண்ணு நீதான எழுதணும்."

இந்த இடத்தில்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. மூன்று மணி நேரம் இருந்தது. அவர் எண் எனக்கு மனப்பாடம். நான் போனை எடுக்காததற்குக் காரணம் நேரமின்மை இல்லை. எடுத்தால் அவர் வேண்டாம் என்பார், அதன் பிறகு நீக்க அறிக்கையைத்தான் எழுத வேண்டும். அவரைக் காப்பாற்றப்போகிறேன் என்று நினைத்தேன். பீரோவுக்குப் பின்னால் நின்றவளுக்கு ஒரு நாள் அவருக்கு முன்னால் நிற்கலாம் என்று தோன்றிவிட்டது. ஒருவருக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வரும்போதுதான், அவரைக் கேட்காமலே செய்துவிடலாம் என்ற துணிச்சலும் வருகிறது.

மிகுந்த கவனத்தோடு எழுதினேன். வேலி என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டேன். பாதை, மயானம், மனு எதுவும் இல்லை. பின்னால் விசாரணையில் யாரும் இதைக் காட்டி அவரைக் கேள்வி கேட்க முடியாதபடி எழுதியிருக்கிறேன் என்று நம்பினேன். கடிதம் இதுதான்:

'செயற்குழுக் கூட்டத்தில் கூட்டணி வேட்பாளர் குறித்து நான் தெரிவித்த கருத்துகள், சிலர் அளித்த தவறான தகவல்களின் அடிப்படையில் அமைந்தவை என்பதை உணர்கிறேன். அதற்காக மனப்பூர்வமாக வருந்துகிறேன். தலைமையின் முடிவுக்குக் கட்டுப்பட்டு வேட்பாளரின் வெற்றிக்குப் பாடுபடுவேன்.'

மாவட்டம் படித்துப் பார்த்து, "ஒனக்கு நிகர் நீதான் மேரி" என்றார். போனில் படம் எடுத்து அனுப்பினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இன்றைக்கு உங்களிடம் கையெழுத்துப் போட்ட தாள் இருக்காது. ஆனால் உங்கள் தலைவருடைய பக்கத்தின் கடவுச்சொல் உங்களிடம் இருக்கிறது. அவர் தூங்கும்போது நீங்கள் அவர் பெயரில் கண்டிக்கிறீர்கள், வாழ்த்துகிறீர்கள், அஞ்சலி செலுத்துகிறீர்கள். அவருக்கே மறுநாள்தான் தெரிகிறது. பழக்கப்பட்டுப்போன வாசகங்கள் உங்களிடமும் இருக்கும். நூறு இடத்தில் யாரையும் தொடாமல் போன வாசகம் நூற்றோராவது இடத்தில் யார் மேல் போய் விழும் என்று ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. என் கண்ணுக்கு அது வெறும் வாசகம். அந்த ஊரில் 'சிலர்' என்றால் ஆறு பேர். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது, வீடு இருக்கிறது, அந்த வீடுகள் மாந்தோப்புக்கு எதிரே இருக்கின்றன.

மறுநாள் காலையில் அந்தக் கடிதத்தை வேட்பாளரின் ஆட்கள் நோட்டீஸாக அடித்து ஊரில் வீடு வீடாகக் கொடுத்தார்கள். ஆட்டோவில் மைக் கட்டி வாசித்துக்கொண்டே கீழத்தெருவை மூன்று சுற்று வந்தார்கள். பதினோரு மணிக்கு ஒன்றியம் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். கூட பேச்சியம்மாள். நகரம் பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை இறக்கவில்லை.

ஒன்றியம் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நோட்டீஸை என் மேசையில் வைத்தார்.

"வாசி தங்கச்சி."

"அண்ணே..."

"எப்பவும் வாசிச்சுக் காட்டித்தான அனுப்புவ. இது விட்டுப்போச்சுபோல. இப்ப வாசி, கேக்குறேன்."

வாசித்தேன். 'சிலர் அளித்த தவறான' என்ற இடத்தில் கையைத் தூக்கினார்.

"அந்தச் சிலரு யாரும்மா?"

நான் நோட்டீஸை மேசையில் வைத்தேன்.

"இல்ல, எனக்குத் தெரியலன்னுதான் கேக்குறேன். நான் எழுதுன கடுதாசி. எனக்கே தெரியல."

பேச்சியம்மாள்தான் பேசினாள். அவள் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள். "அக்கா, என் மாமனாரத் தண்ணிக்குள்ள தூக்கிட்டுப் போனப்ப நீங்க பாக்கல. இந்த அண்ணன் பாத்தாக. பாத்தவுகளே நாங்க சொன்னது பொய்யின்னு எழுதிட்டாகன்னு மைக்குல சொல்லிட்டுப் போறான். எங்காளுக அஞ்சு பேரு இருக்காக. காலையில இருந்து ஒருத்தரும் என் வீட்டுப் பக்கம் வரல. இவுகளே இப்பிடின்னா நாளைக்கு நம்ம எதுக்கு அங்க போயி நின்னு சாகணும்ங்கிறாக."

"நீயாச்சும் நம்புறியா?" என்று ஒன்றியம் அவளைக் கேட்டார்.

"நம்பித்தான கூட வந்துருக்கேன். எழுதுன கைய ஒரு தடவ பாத்துட்டுப் போகலாம்னு."

நகரம் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

ஒன்றியம் சொன்னார்: "தங்கச்சி, நாளைக்குப் பத்தரைக்கு ஆர்.டி.ஓ. விசாரணை. பாதை இருந்துச்சுன்னு நான் சொன்னா, இந்தக் கடுதாசியத்தான் எடுத்து நீட்டுவாங்க. கையெழுத்து என்னுது. இல்லன்னு சொல்ல முடியாது. இத எனக்குத் தெரியாம நீ எழுதுனன்னு நாலு வரி எழுதி, ஒன் பேரப் போட்டுக் குடு. நீ வந்து நிக்கக்கூட வேணாம். தாளக் குடுத்தாப் போதும். இந்த அஞ்சு பேருகிட்டயும் நான் அதக் காட்டிக் கூட்டிட்டுப் போயிருவேன்."

"தாரேண்ணே."

"இப்பவே எழுதலாமே."

"நாளைக்குக் காலையில ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலுக்கே கொண்டு வாரேண்ணே. பத்து மணிக்கு."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். நான் ஒருநாளும் அவரிடம் பொய் சொன்னதில்லை. "சரி. பத்து மணிக்கு வாசல்ல நிப்போம்" என்று எழுந்தார். பேச்சியம்மாள் நோட்டீஸை மடித்து எடுத்துக்கொண்டாள்.

அவர்கள் படியிறங்கிப் பத்து நிமிடம் ஆகவில்லை, மாவட்டத்திடமிருந்து போன் வந்தது. நகரம் பெஞ்சில் இல்லை. மாவட்டம் ஒன்றியத்தின் பெயரைச் சொல்லி, ஒருமையில் பேசினார். எனக்கு உடனே புரிந்தது.

"என்னவோ எழுதிக் கேட்டானாம்ல. குடு, தாராளமாக் குடு. அடுத்தவன் கையெழுத்துத் தாள்ல நானா எழுதுனேன்னு நீயே ஒப்புக்கிட்டா, மொதக் கேஸு யாரு மேலன்னு வக்கீலக் கேட்டுக்க. நான் சொல்லித்தான் எழுதுனேன்னு சொல்லுவ. சொல்லு. யாரு சாட்சி?"

"நகரம் நேத்து பெஞ்சுல..."

"நகரத்துக்குக் காது கேக்காதும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கடிதம் தன்னுடையது இல்லை என்று அன்று காலையிலேயே ஒன்றியம் தலைமைக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறார். வருத்தம் தெரிவித்துவிட்டு மறுக்கிறார் என்று அதையே காரணமாக்கி நீக்கிவிட்டார்கள். இரண்டு மணிக்குத் தலைமையிலிருந்தே அறிக்கை வந்தது. ஆக, நான் அவரைக் காப்பாற்ற எழுதிய கடிதத்தால் அவருக்குப் பதவியும் போனது, சொல்லும் போனது.

சாயங்காலம் வரை அலுவலகத்தில் யாரும் இல்லை. தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் தாளில் 'தவிர்க்க முடியாத சூழ்நிலையின் காரணமாக' என்று தொடங்கினேன். கிழித்தேன். இரண்டாவதில் 'அலுவலக நடைமுறையின்படி மேற்படி கடிதம் தயாரிக்கப்பட்டது' என்று வந்தது. தயாரிக்கப்பட்டதாம். யார் தயாரித்தார்கள் என்று அதில் இல்லை. மூன்றாவது தாளில் 'நான்' என்று மட்டும் எழுதினேன். அதற்குப் பக்கத்தில் என் பெயரை எழுதிப் பார்த்தேன். அந்த அலுவலகத்தில் நான் எழுதிய ஆயிரக்கணக்கான தாள்களில் ஒன்றில்கூட என் பெயர் இருந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. போலீஸ் வீட்டு வாசலில் வந்து நிற்பது போலவும், எங்கள் சர்ச் பங்கு ஆட்கள் ஜன்னலில் இருந்து பார்ப்பது போலவும் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வந்தது. பூசைக்குப் போகும்போதுகூட நான் கடைசி வரிசையில் உட்கார்கிறவள். நான்கு வரி. நான் எழுதினேன், அவருக்குத் தெரியாது. இவ்வளவுதான். எனக்கு எழுதத் தெரியாமல் இல்லை.

பிறகு பல தேர்தல்கள் வந்துவிட்டன. தோப்புக்காரர் அந்தத் தேர்தலில் தோற்றார். அடுத்த தேர்தலில் அவர் கட்சி எதிரணிக்குப் போனது. எங்கள் ஆட்களே அந்த வேலியைப் பற்றி மேடையில் ஆவேசமாகப் பேசினார்கள். பேச்சுக் குறிப்பு எழுதிக் கொடுத்தவள் நான். தேர்தல் முடிந்ததும் பேச்சும் முடிந்தது. வேலி அப்படியே இருக்கிறது. கீழத்தெருவில் யாராவது இறந்தால் இன்றும் கண்மாய்க்குள்தான் இறங்குகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். ஒன்றியம் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஒரு தடவை மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தேன். அவரும் பார்த்தார். பெயர் சொல்லிக் கூப்பிடவும் முடியவில்லை, ஒன்றியம் என்று கூப்பிடவும் முடியவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

உங்களுக்கு அறிவுரையாகச் சொல்ல என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை. கொள்கை, கூட்டணி எல்லாம் மேலே இருப்பவர்கள் விஷயம், நாம் வெறும் தட்டச்சு செய்கிறவர்கள் என்று நினைத்துத்தான் நானும் நிம்மதியாக இருந்தேன். நாம் எழுதித்தான் அது கீழே வருகிறது. யார் பெயரில் எழுதுகிறீர்களோ அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தால், கட்டாயம் வாசித்துக் காட்டுங்கள். அதற்கும் மேலே நடந்துவிட்டால், எழுதியது நான் என்று அன்றைக்கே, அந்த நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். காலையில் தருகிறேன் என்று சொல்லாதீர்கள்.

விசாரணை நடந்த அந்த மறுநாள் ஒன்பதரை மணிக்கு அலுவலகத்தைத் திறந்தேன். வேட்பாளரின் சுற்றுப்பயண விவரம் வந்திருந்தது. பதினெட்டு ஊர்கள். பத்து மணிக்குத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். பத்தேகாலுக்கு என் போன் அடித்தது, பிறகு நின்றது. விசாரணைக்கு ஒன்றியமும் பேச்சியம்மாளும் மட்டும் போனதாகவும், மற்ற ஐந்து பேரும் மனுவிலிருந்து விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், ஒன்றியத்தின் வாக்குமூலத்தோடு அந்த நோட்டீஸையும் கோப்பில் சேர்த்துக்கொண்டதாகவும் மத்தியானம் நகரம் வந்து சொன்னார். ஒரு மணிக்குப் பதினெட்டு ஊர்களுக்கும் விவரத்தை அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன்.